மாந்தை வழியாக மடுவுக்கு

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியன் என்ற முறையில் சங்கச் செய்யுள் ஒன்றின் நயத்தைப் பற்றியோ கந்தபுராணப் படிப்பைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்வகைக் கட்டுரைகள் இரண்டு எமது மேசை லாச்சியில் உள்ளன. அடுத்த மலருக்கு உதவும். இம்முறை யாம் எழுதத் துணிந்தது ஒரு மோட்டார்ச் சைக்கிள் பயணத்தைப் பற்றி. அதுவும் சைவர் மேற்கொண்ட யாத்திரையன்று. கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றைச் சேர்ந்த ஆடவர் சிலர், வேலைக் களைப்பு நீங்கித் தம்முள் உறவாடி இரண்டு நாளைக் கழிப்பதற்கென்று மடுவுக்குப் போய் வந்த பயணம். யாம் அதிலே பின்னிருக்கையில் அமர்ந்து சென்றோம். அவ்வளவே எமது பங்கு. இதற்கும் கல்லூரி மலருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாருக்கு விடை உண்டு. எம்மை ஏற்றிச் சென்றவர் நம் கல்லூரியின் பழைய மாணவர்.

தம் பெயரை இங்கே குறிக்கவேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டார். 1990 களில் எம்மோடு பயின்றோர் இரண்டு வரி படித்ததும் இன்னார் என்று அறிந்துகொள்வர். ஏனையோருக்கு 'நண்பர்' என்ற சொல் போதும். கடற்கரைக் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து படித்தவர். ஆறாம் வகுப்பு முதல் வாங்கிலே எமக்கு இடப்புறம் இருந்தவர். கத்தோலிக்கராயினும் காலைப் பிரார்த்தனையின்போது வெளியே நிற்க அவர் விரும்பியதில்லை. கைகட்டி எம்மோடு நிற்பார்; கேட்டுக் கேட்டே தேவாரங்கள் சில அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. ஒருமுறை எங்கள் தமிழாசிரியர், திருஞானசம்பந்தர் திருக்கேதீச்சரத்தின்மீது பாடிய பதிகத்தை வகுப்பிலுள்ள எல்லாரும் ஒப்புவிக்கவேண்டும் என்றார். நண்பரும் எழுந்து பாடினார். குரல் நல்ல குரல். ஆனால், இரண்டாம் பாட்டில் ஒரு சீரை விழுங்கிவிட்டார். ஆசிரியர் அவர் காதைப் பிடித்து, "தம்பி, ஒரு சீரை எங்கே போட்டுவிட்டு வந்தாய்?" என்று கேட்டு மீண்டும் பாடச் செய்தார். மீண்டும் அதே சீர் போயிற்று. மூன்றாம் முறையும் போயிற்று. ஆசிரியர் சிரித்துவிட்டார். சிரிப்பது அவர் வழக்கமன்று.

அக்காலத்து மாணவர்க்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு அந்த ஒளியில் படித்தோம். நண்பரின் மாமனார் ஒருவரிடம் பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்று இருந்தது. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தமையால், சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். யாழ்ப்பாணம் முழுவதும் அப்படித்தான் ஓடியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டபோது அந்த வண்டியும் எம்மோடு வந்தது. சனநெருக்கத்தில் அதனை ஓட்ட இயலவில்லை, உருட்டித்தான் வந்தோம். நடக்கமாட்டாத எம் ஆச்சியாரைப் பின்னிருக்கையில் இருத்தி, நண்பர் ஒருபுறமும் யாம் மறுபுறமும் பிடித்துக்கொண்டோம். தென்மராட்சியில் ஒரு தேவாலய வளவில், ஒரே தறப்பாளின் கீழ் இரு குடும்பத்தாரும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தோம். ஆச்சியார் தேவாலயத்து விறாந்தையில் இருந்தே திருநீறு பூசித் தேவாரம் ஓதுவார். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

இத்தகைய நட்பு ஒரு வளைவினால் முறிந்தது என்று எழுத நாணமாயிருக்கின்றது. 2019 மார்ச் 3 ஆம் நாள், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வீதி முகப்பில் நின்ற வளைவு பற்றிப் பிணக்கு எழுந்து, வளைவு சாய்க்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று ஆராய்வதற்கு இஃது இடமன்று. எம் குற்றத்தை மாத்திரம் சொல்வோம். செய்தி கேட்ட சூட்டில், அன்று மாலை சந்தித் தேநீர்க்கடையில், நண்பருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று நன்கு அறிந்திருந்தும், பலர் முன்னிலையில் "உங்கடை ஆக்கள்" என்று தொடங்கி ஒரு சொல் சொல்லிவிட்டோம். அச்சொல்லை இங்கே எழுதோம். தமிழ் கற்பிக்கின்றவன் வாயில் வரத்தகாத சொல். அவர் கோப்பையை வைத்தார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். எமது தேநீருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது.

அதனினும் பெரிய குற்றம் ஏழு கிழமைக்குப் பின் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்நாளில், நீர்கொழும்பில் பூசைக்குச் சென்றிருந்த நண்பரின் பெறாமகன், அவர் மனைவியின் தமக்கையார் பிள்ளை, உயிர் இழந்தான். பதினேழு வயது. துக்கம் விசாரிக்க யாழ்ப்பாணத்தவன் போகாதிருத்தல் எத்தகைய முறிவு என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. யாம் புறப்பட்டோம், அவர் வீட்டு ஒழுங்கைத் தலைப்பு வரை சென்றோம். அங்கே படையினர் நின்று போவோர் வருவோரைச் சோதித்துக்கொண்டிருந்தனர். அதையே சாட்டாக வைத்துத் திரும்பினோம். சாட்டு என்பதை அன்றே அறிவோம். மறுநாளும் போகவில்லை. நாள் செல்லச் செல்லப் போவது அரிதாயிற்று. ஒரு மாதத்துக்குப் பின் என்ன முகத்தோடு போவது? இப்படியே ஆறு ஆண்டு கழிந்தது. வீதியில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைப்போம். அதுவே பேச்சு.

2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, எம் படலையில் ஒலிப்பான் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் நண்பர். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"மச்சான், கோயிலாலை மடுவுக்குப் போறம், மோட்டார்ச் சைக்கிளிலை. என்ரை பின்சீற் சும்மாதான் கிடக்கு."

ஆறு ஆண்டு இடையே கிடந்ததற்கு ஓர் அறிகுறியும் அவர் குரலில் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னோம். யோசிக்க ஒன்றும் இல்லை என்றும் தலைக்கவசம் தம்மிடம் இரண்டு உண்டு என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எம் இல்லாள் குசினி வாயிலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "இப்பவாவது போங்கோ" என்றார்.

தைக் கடைசிச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தேவாலய வளவில் பன்னிரண்டு மோட்டார்ச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் பத்தொன்பது பேர். கடற்றொழிலாளரே பெரும்பாலார், ஒரு மேசன், ஒரு வங்கி எழுதுவினைஞர், மின்சாரக் கம்பத்தில் ஏறுகின்ற ஒருவர், வண்டி திருத்துகின்ற இளைஞர் ஒருவர். பங்குத் தந்தையார் செபம் சொல்லி, ஒவ்வொரு வண்டியின்மீதும் தீர்த்தம் தெளித்து வந்தார். ஆயுதபூசையன்று நாம் சந்தனப் பொட்டு வைப்பதில்லையா, அதுபோலத்தான். சில துளி எம் நெற்றியிலும் விழுந்தது. "மாஸ்ரர், திருநீறு நனைஞ்சிட்டுது" என்று சொல்லி, யாம் துடைத்துத் திரும்பவும் பூசுமளவும் காத்து நின்றார். பின்னர் விதிகளைச் சொன்னார். எல்லாவற்றிலும் மெதுவான வண்டி முன்னே செல்லும். அதனை ஒருவரும் முந்தலாகாது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வேகம் கூடாது. தொலைபேசி பையினுள் இருக்கவேண்டும். கடன், மீன் விலை, அரசியல் ஆகிய மூன்றும் பேசலாகாது. இக்கடைசி விதி பூநகரி வரைதான் நின்று பிடித்தது.

முன்னே சென்ற வண்டி தொண்ணூறு சீசீ கொண்ட பழைய ஹொண்டா. அதனை ஓட்டியவர் அறுபத்தாறு வயதுக் கடற்றொழிலாளர். எல்லாரும் அவரைப் பெரியண்ணை என்றனர். நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது நண்பர் வேகத்தைக் குறைத்து, தலையைச் சிறிது திருப்பி, "இதிலைதான் ஆச்சியின்ரை செருப்பு ஒண்டு விழுந்தது" என்றார். அதனை யாம் மறந்திருந்தோம். இருட்டில் அந்தச் செருப்பைத் தேடக் குனிந்தவர் அவரே.

கேரதீவைக் கடந்து சங்குப்பிட்டிப் பாலத்துக்கு வந்தபோது கதிரவன் எழுந்துவிட்டான். 2011 சனவரியில் திறக்கப்பட்ட இந்தப் பாலம் 288 மீற்றர் நீளமுடையது. அதற்கு முன்னெல்லாம் இங்கே பாதையில் ஏறித்தான் கடலேரியைக் கடப்பர். பாலத்தின் நடுவில் பெரியண்ணை வண்டியை நிறுத்தினார்; ஆகவே பன்னிரண்டும் நின்றன. அவர் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நாற்பத்தைந்து ஆண்டு கடலிலிருந்து கரையைப் பார்த்தாயிற்று என்றும், கரையிலிருந்து கடலைச் சும்மா பார்ப்பது இன்றுதான் என்றும் சொன்னார். சும்மா பார்த்தார் என்பதை யாம் முற்றும் ஏற்கமாட்டோம். தூரத்தில் இருந்த சிறகுவலை பிழையான பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றது என்று அடுத்த தேநீர்க்கடை வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

பூநகரிக்கு அப்பால் வீதி நேராகத் தெற்கே ஓடுகின்றது. வலப்புறம் கடல் சில இடங்களில் தெரியும். பல இடங்களில் உப்புக் காற்றாக மாத்திரம் வரும். நாச்சிக்குடா, முழங்காவில், வெள்ளாங்குளம் என ஊர்கள் வந்து போயின. ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் செல்பவனுக்கு ஒரு பேறு உண்டு. மாமர நிழலில் கிடக்கின்ற நாயையும், முற்றம் பெருக்குகின்ற பெண்ணையும், கூரையில்லாது நிற்கின்ற சுவரையும் அவன் ஒவ்வொன்றாகக் காண்பான். பேருந்தில் பலமுறை இவ்வழி சென்றிருந்தும் அச்சுவர்கள் இத்தனை என்று யாம் எண்ணியதில்லை.

தேவன்பிட்டியில் கடலோரத் தேவாலயத்தின் முன் சிறிது நேரம் நின்றோம். 2008 ஏப்பிரலில், போர் மடுவை நெருங்கியபோது, குருமார் மடு மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்து வந்து வைத்த இடம் இது. ஆவணித் திருநாள் நெருங்கும் வேளையில், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், சொரூபம் மடுவுக்குத் திரும்பிற்று. அதன் முந்திய வரலாற்றை நண்பர் சொன்னார். ஆதியில் அது மாந்தையில் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 இல், மாந்தைக் குடும்பங்கள் சில அதனை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. "மாதாவும் எங்களைப் போலை இடம்பெயர்ந்தவதான்" என்றார். மாந்தை என்றால் திருக்கேதீச்சரம் நிற்கின்ற மாந்தைதானே என்று கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை. அச்சொல்லைத் தொட்டால் வளைவுக்கு வந்து முடியும் என்ற அச்சம்.

இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு கழிந்து அந்தச் சந்தியும் வந்தது. வலப்புறம் திருக்கேதீச்சர வீதி. அதுவரை நண்பரின் தோளில் வைத்திருந்த எம் கையை எப்போது எடுத்தோம் என்று அறியோம். சந்தியைக் கடந்த பின்னரே கை எம் மடியில் இருப்பதை உணர்ந்தோம். அவரும் உணர்ந்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை.

மன்னார் வயல்களில் நெல் முற்றியிருந்தது. அறுத்த இடங்களில் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருந்தனர்; பன்னிரண்டு வண்டிகளும் மறுபாதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. முருங்கனைக் கடந்து, மடுச் சந்தியில் இடப்புறம் திரும்பிக் காட்டு வீதியில் புகுந்ததும் வெயில் மாறி நிழல் வந்தது. பாலையும் வீரையும் இருபுறமும் நின்றன. குரங்குகள் வீதியை உரிமை பாராட்டின.

பிற்பகல் முழுவதும் அவர்கள் செய்தது தூக்கம். இதனை யாம் நகைத்து எழுதவில்லை. இரவிலே கடலும் பகலிலே வலையுமாக வாழ்கின்றவர்கள், மர நிழலில் பாய் விரித்து, ஒருவரும் எழுப்பார் என்ற உறுதியோடு நான்கு மணி நேரம் உறங்கியதைக் கண்டபோது, ஓய்வு என்ற சொல்லுக்கு யாம் வகுப்பில் சொல்லிவந்த பொருள் போதாது என்று தோன்றியது.

இரவு அடுப்பு மூட்டினர். பெரியண்ணை மீன் குழம்பு வைத்தார். எமக்கென்று தனிச் சட்டியில் பருப்பும் சொதியும். வளர்பிறை நிலவு. உண்பதற்கு முன் வட்டமாக இருந்து, கடந்த ஆண்டிலே தம்மை வருத்திய ஒன்றை ஒவ்வொருவரும் சொல்வது அவர்கள் வழக்கமாம். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடலாகாது, புத்திமதியும் கூறலாகாது. ஒருவர் மகன் வெளிநாடு போய் எடுத்துப் பேசுவதில்லை என்றார். மேசன், ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் உயரத்துக்கு அஞ்சுவதாகவும் அதனை மனைவிக்கு மறைத்திருப்பதாகவும் சொன்னார். நண்பரின் முறை வந்தது. அவர் கடந்த ஆண்டைச் சொல்லவில்லை. நீர்கொழும்புப் பிள்ளையைச் சொன்னார். முப்பத்தொராம் நாள் வரையில் தம் வீட்டுப் படலையைச் சாத்தவில்லை என்று முடித்தார்.

அடுத்து இருந்தவர் யாம். அயலவராதலின் எம்மைத் தவிர்த்துச் செல்ல அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். யாம் எழுந்து நின்றோம், வகுப்பறைப் பழக்கம். தேநீர்க்கடையையும் ஒழுங்கைத் தலைப்பையும் சோதனைச் சாட்டையும் சொன்னோம். இருபது ஆண்டு பேசியே பிழைத்தவர்க்கு அன்று வசனங்கள் முடியாமல் இடையில் அறுந்தன. சொல்லி முடித்தபின் ஒருவரும் பேசவில்லை. விறகு வெடிக்கும் ஒலி கேட்டது. பின்பு பெரியண்ணை, "மாஸ்ரர், இருங்கோ. சொதி ஆறுது" என்றார்.

படுக்கும்போது நண்பர் எம் அருகில் பாயைப் போட்டார்.

"நீ ஒழுங்கை வரைக்கும் வந்தது எனக்குத் தெரியும். சின்னவன் கண்டவன்."

"தெரிஞ்சும் ஏன் ஆறு வருஷம் பேசேல்லை?"

"மிச்சத் தூரமும் வருவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

சிறிது நேரத்தில் அவருக்குக் குறட்டை. எமக்கு உறக்கம் வர நெடுநேரமாயிற்று.

ஞாயிறு காலை அவர்கள் பூசைக்குச் செல்ல, யாம் வெளியே மரத்தடியில் இருந்தோம். அமைதியாக நிற்கின்ற இவ்வளவிலேயே 1999 நவம்பரில் எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்த பலர் மாண்டனர். இப்போதுள்ள தேவாலயத்தைக் கட்டும் பணியைத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்து ஆயர் பொஞ்சீன் ஆண்டகை, ஆண்டு 1872. இந்த எண் எமக்கு வேறோரிடத்தில் பழக்கமானது. பாழ்பட்டுக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீள எழுப்புமாறு நாவலர் பெருமான் சைவ மக்களை வேண்டி எழுதியதும் 1872 இலேயே. ஒரே ஊரில் வாழ்ந்த இருவர், ஒரே ஆண்டில், மாந்தையில் வேர்கொண்ட இரண்டு கோயில்களைப் பற்றிக் கவலைகொண்டிருக்கின்றனர். வகுப்பில் முதலாவதை யாம் கற்பித்ததில்லை; அறிந்ததுமில்லை. ஆயர் வேண்டியதைக் கட்டத் தொடங்கிவிட்டார். எம்மவர் இடத்தைக் கண்டறியவே 1894 ஆயிற்று, திருப்பணிச் சபை எழ 1948 ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பூசை முடிந்து வந்த பெரியண்ணை மடு மண்ணில் ஒரு சிறு பொதி கட்டி எம்மிடம் தந்தார். பாம்பு விடத்துக்கு நல்லதாம்.

திரும்பும் வழியில் முருங்கனுக்கு அண்மையில் ஒரு வண்டிக்குக் காற்றுப் போயிற்று. பதினெட்டுப் பேர் பதினெட்டு விதமாக ஆலோசனை கூற, வண்டி திருத்தும் இளைஞர் ஒருவருக்கும் செவிகொடாமல் ஒட்டுப்போட்டு முடித்தார்.

சந்தி மீண்டும் வந்தது. நண்பர் எம்மைக் கேட்கவில்லை. சமிக்ஞை விளக்கைப் போட்டு இடப்புறம் திருப்பினார். முன்னே சென்ற பெரியண்ணையின் ஹொண்டா ஏற்கெனவே அவ்வீதியில் திரும்பி நின்றது. இரவே பேசி வைத்திருக்கின்றனர்.

2022 யூலையில் புதுத் திருப்பணி நிறைவேறிக் குடமுழுக்கு நிகழ்ந்தபோது, நாட்டிலே பெற்றோல் இல்லை; எம் வண்டி தாழ்வாரத்தில் நின்றது; யாம் வீட்டிலிருந்தே கும்பிட்டோம். ஆகவே புதிய கருங்கல் மண்டபத்தை அன்றுதான் கண்டோம். சிலர் வண்டிகளுக்கருகே நின்றுகொண்டனர். சிலர் எம்மோடு வந்தனர். பாலாவியில் நீராடி, செம்பிலே நீர் மொண்டு, மகாலிங்கத்துக்கு நம் கையாலேயே வார்ப்பது இங்குள்ள வழக்கம். எம் முழங்கால் இரண்டு நாள் பின்னிருக்கையில் மடங்கியிருந்தமையால் படியில் ஏறத் தடுமாறினோம். பெரியண்ணை செம்பை வாங்கித் தாமே சுமந்துவந்தார். "எங்கடை மாதாவும் இஞ்சை இருந்து போனவதானே" என்று சொல்லி, இலிங்கத்தின் அருகில் செம்பை எம் கையில் தந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நீர் வார்த்துத் திரும்பிப் பார்த்தோம். தூணோரத்தில் நண்பர் கைகட்டி நின்றார், காலைப் பிரார்த்தனையில் நிற்பதுபோல.

விடத்தல்தீவைக் கடந்தபின் வெயில் சாய்ந்தது. தலைக்கவசத்துக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. காற்றில் பாதி போக, பாதிதான் பின்னிருக்கைக்கு வந்தது. பதிகம். முப்பது ஆண்டுக்கு முன் வகுப்பில் பாடிய பதிகம். இரண்டாம் பாட்டு வந்தபோது யாம் செவியைக் கூர்ந்து வைத்தோம். அந்தச் சீரை விழுங்கிவிட்டார். யாம் திருத்தவில்லை.